ஜன்னல் இல்லாத பின்னறை: ஜான்ஸ் தீவில் தலைவர்கள் உருவான விதம்

ஒதுக்குப்புறமான ஊர்களில் தலைவர்களை உருவாக்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் பயிற்சி முகாமில்தான் தொடங்கும். யாரைக் கூப்பிடுவது, எத்தனை நாள், யார் வந்து பேசுவது, சான்றிதழை யார் கையால் கொடுப்பது என்று போகும். முகாம் முடிந்ததும் எல்லாரும் ஊர் திரும்புவார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆள் இருக்காது.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருக்கும் நிகழ்வு வேறு மாதிரி. 1957 ஜனவரியில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் 14 பேர் எழுதப் படிக்க உட்கார்ந்தார்கள். தலைமை என்ற சொல் பாடத்தில் இல்லை. அந்த அறையில் தொடங்கிய முறை அடுத்த 13 ஆண்டுகளில் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவி, தன் ஊருக்காகப் பேசக்கூடிய ஆயிரக்கணக்கானவர்களை உருவாக்கியது. அது எப்படி நடந்தது, எங்கே சறுக்கியது என்பதுதான் இந்த ஆய்வு.

தீவும் அதன் பூட்டும்

ஜான்ஸ் தீவு சார்ல்ஸ்டன் நகரத்தை ஒட்டிய கடலோரத் தீவுகளில் ஒன்று. அங்கே இருந்த கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பண்ணை அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். நகரத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாத கல்லா என்ற மொழி பேசினார்கள். தீவு எவ்வளவு ஒதுங்கிக் கிடந்தது என்பதற்கு ஒரு ஆசிரியையின் அனுபவம் போதும். 1916-ல் செப்டிமா கிளார்க் 18 வயதில் அங்கே பாடம் சொல்லித்தரப் போனார். சார்ல்ஸ்டன் நகரத்துப் பொதுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அப்போது இடமில்லை. தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியைகள். இந்தக் கிளார்க்தான் நாற்பது ஆண்டுகள் கழித்து நம் கதைக்குள் மறுபடி வருவார்.

வாக்குரிமை சட்டப்படி எல்லாருக்கும் இருந்தது. ஆனால் வாக்காளராகப் பதிவு செய்ய, தென் கரோலினாவின் 1895 அரசமைப்புச் சட்டப்படி, அச்சட்டத்தின் ஏதாவது ஒரு பகுதியைப் பதிவு அலுவலர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். இது போதாதென்று, அந்த மாநிலத்தில் உண்மையான போட்டியாக இருந்த, ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்றும் இருந்தது. 1947-ல் நீதிபதி வாட்டிஸ் வேரிங் கொடுத்த தீர்ப்பு இந்தக் கடைசிக் கதவைத் திறந்தது. கதவு திறந்த பிறகுதான் எழுத்தறிவு என்ற அடுத்த பூட்டு பளிச்சென்று தெரிந்தது. பள்ளிக்கூடமே சரியாகக் கிடைக்காத மக்களிடம் படித்துக் காட்டு என்று கேட்டால், அதற்கு வேறு தடைச்சட்டம் எதற்கு?

பேருந்து ஓட்டியவர்

தீவிலேயே ஒரு தலைவர் ஏற்கனவே இருந்தார். ஈசா ஜென்கின்ஸ், 1910-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு சரி. பிறகு விவசாயம், வியாபாரம், பேருந்து. தீவிலிருந்து சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு போவார். 1948-ல் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து புரோகிரசிவ் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்.

பேருந்தில் வந்த பயணிகளில் ஆலிஸ் வைன் என்ற பெண் ஒருவர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வாக்களிக்க வேண்டும், உதவ முடியுமா என்று கேட்டார். ஜென்கின்ஸ் அரசமைப்புச் சட்டப் பகுதியைப் பிரதி எடுத்துப் பயணிகளிடம் கொடுத்து, ஓடும் பேருந்திலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஆலிஸ் வைன் அதை மனப்பாடம் செய்தே பதிவு செய்துகொண்டார். காரியம் முடிந்தது என்று அவர் நிறுத்தவில்லை. மனப்பாடம் போதாது, நிஜமாகவே படிக்க வேண்டும் என்றார்.

இந்த ஆய்வு முழுக்க எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். வெளியிலிருந்து யாரும் தேவைக் கணக்கெடுப்பு நடத்தவில்லை. தேவையைச் சொன்னது ஒரு பயணி, கேட்டது ஓட்டுநர்.

ஆனால் ஜென்கின்ஸ் ஒரே ஆள். ஊரில் எதற்கென்றாலும் அவரைத்தான் தேடுவார்கள். சிறிய ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். நல்லவர் ஒருவர் கிடைத்துவிட்டால் மொத்தச் சுமையும் அவர் தலையில் ஏறும். அவர் படுத்துவிட்டால் ஊரும் படுத்துவிடும்.

மலை மேல் ஒரு பள்ளி

டென்னசி மாநிலத்தின் மான்டீகிள் அருகே, மலைப்பகுதியில், 1932-ல் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் ஹைலேண்டர் ஃபோக் ஸ்கூல் என்ற பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். டென்மார்க்கில் வயது வந்தோருக்கான மக்கள் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் ஹார்ட்டன். அங்கே தேர்வும் பட்டமும் கிடையாது. ஒரே மாதிரிச் சிக்கலில் இருக்கும் பலர் ஒன்றாகத் தங்கி, ஒருவர் அனுபவத்தை இன்னொருவர் கேட்டு, திரும்பிப் போய் என்ன செய்யலாம் என்று யோசிப்பார்கள். முதலில் தொழிற்சங்க ஆட்கள் வந்தார்கள். பிறகு இனப்பாகுபாட்டை எதிர்ப்பவர்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் சேர்ந்து படித்ததே அந்த மாநிலத்தில் சட்டமீறல்தான். 1955 ஆகஸ்டில் அங்கே வந்து தங்கிய ரோசா பார்க்ஸ், நான்கு மாதம் கழித்து மான்ட்கமரி பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்தது எல்லாரும் அறிந்தது.

1953-ல் எமில் ஷ்வார்ட்ஸ்ஹாப்ட் அறக்கட்டளை, ஊர்ப்புறத் தலைமைப் பயிற்சிக்கென்றே ஹைலேண்டருக்கு நிதி கொடுத்தது. கையில் பணமும் நல்ல எண்ணமும் இருந்தன. முதலில் டென்னசியின் சில ஊர்களில் முயன்றார்கள். பெரிதாக எடுபடவில்லை. தலைமைப் பயிற்சி என்று சொல்லிப் போனால் யார் வீட்டு வாசலிலும் கூட்டம் சேராது என்பது அவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது.

1954 கோடையில் ஹைலேண்டரில் ஐக்கிய நாடுகள் அவையைப் பற்றி ஒரு பட்டறை. கிளார்க் ஜென்கின்ஸை அழைத்துக்கொண்டு போனார். முடிவில் வழக்கமான கேள்வி வந்தது: ஊருக்குப் போய் என்ன செய்வீர்கள்? ஜென்கின்ஸ் உலக அமைதியைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் தீவில் பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தர ஒரு பள்ளி வேண்டும், அப்போதுதான் வாக்களிக்க முடியும் என்றார். பட்டறையின் தலைப்பும் அவர் பதிலும் ஒட்டவே இல்லை. ஹார்ட்டன் தலைப்பை விட்டுவிட்டுப் பதிலைப் பிடித்துக்கொண்டார். நிதி தருகிறவர்களின் திட்டப் படிவங்களில் இதற்கெல்லாம் கட்டம் இருக்காது.

சின்ன நாற்காலிகள்

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. ஹார்ட்டன் தீவுக்குப் போய்த் தங்கி, மக்களோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்டார். அங்கே முதியோர் கல்வி வகுப்பு ஏற்கனவே நடந்து தோற்றிருந்தது தெரிய வந்தது. குழந்தைகளின் பள்ளியில், குழந்தைகளின் நாற்காலியில், குழந்தைகளின் பாடப் புத்தகத்தோடு, நாள் முழுக்க வயலில் வேலை செய்த பெரியவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள். கால் மடங்க இடமில்லாமல் உட்கார்ந்தவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மக்களுக்கு ஆர்வமில்லை என்றுதான் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

ஆக என்ன வேண்டும் என்பதை விட என்ன கூடாது என்பது முதலில் தெளிவாயிற்று. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கக் கூடாது. பள்ளி ஆசிரியர் மாதிரி ஒருவர் நிற்கக் கூடாது.

இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பள்ளித் தலைமையாசிரியர் இடம் தரவில்லை. போதகரும் தேவாலயத்தைத் தரவில்லை. அவர்களைக் கோழைகள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவர்கள் சம்பளமும் கட்டடமும் வெள்ளையர் கையில் இருந்தன. ஊரில் படித்தவர், பதவியில் இருப்பவர் என்று நாம் முதலில் தேடிப் போகும் ஆட்கள்தான் பல சமயம் அதிகமாகக் கட்டுண்டவர்கள்.

கடைசியில் புரோகிரசிவ் கிளப் ஹைலேண்டரிடம் 1,500 டாலர் கடன் வாங்கி ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை விலைக்கு வாங்கியது. நன்கொடையாக இல்லாமல் கடனாக வாங்கியதால் கட்டடம் சங்கத்துக்கே சொந்தமானது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்க அறைகளில் வகுப்பு. அந்த அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. வெள்ளையர் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி என்று கிளார்க் பின்னாளில் சொன்னார். கடை வியாபாரத்தில் கடனும் அடைந்தது.

ஆசிரியரல்லாத ஆசிரியர்

கிளார்க் இதற்குள் வேலை இழந்திருந்தார். அரசு ஊழியர் யாரும் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1956-ல் தென் கரோலினா சட்டம் போட்டது. கிளார்க் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்தார். நாற்பது ஆண்டுப் பணியும் ஓய்வூதியமும் போயின. ஹைலேண்டர் அவரைப் பட்டறைகளின் இயக்குநராகச் சேர்த்துக்கொண்டது.

வகுப்பை நடத்த அவர் கண்டுபிடித்தது தன் உறவினரான பெர்னிஸ் ராபின்சனை. சார்ல்ஸ்டனில் அழகு நிலையம் வைத்திருந்தவர். நியூயார்க்கில் சில காலம் வாழ்ந்து, அங்கே எந்தத் தடையும் இல்லாமல் வாக்களித்தவர். பாடம் நடத்திய அனுபவம் துளியும் இல்லை. நான் ஆசிரியை இல்லையே என்று தயங்கினார். அதனால்தான் உங்களைக் கேட்கிறோம் என்ற மாதிரிப் பதில் வந்தது.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் கூர்மையான கணக்கு இருந்தது. அழகு நிலையக்காரரின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. கூடவே, ஒருவர் தலையை ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கதை கேட்பது அவருடைய தொழில். யார் வீட்டில் என்ன என்பது அவருக்குத் தெரியும், அதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் தெரியும். இந்தக் கணக்கு ராபின்சனோடு நிற்கவில்லை. 1961-ல் ஹைலேண்டர் அழகுக்கலைஞர்களுக்கென்றே ஒரு பட்டறை நடத்தியது.

முதல் நாள் ராபின்சன் தொடக்கப் பள்ளிப் பாடப் பொருள்களைத்தான் எடுத்துப் போனார். வந்தவர்களைப் பார்த்த உடனே இது சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட்டார். நான் உங்களுக்கு ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டே அலுத்துவிட்டது. பைபிள் படிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது வேண்டாம். மணியார்டர் படிவம் நிரப்பத் தெரிய வேண்டும். இவைதான் பாடத்திட்டம் ஆயின.

அட்டையில் பெயரை எழுதிக்கொடுத்து, கை பழகும் வரை அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார். கணக்குக்கு மளிகைக் கடை விளம்பரங்கள். வாக்காளர் பதிவுப் படிவத்தில் வரும் கடினச் சொற்களை எடுத்து எழுத்துக்கூட்டல். சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் படிக்க வேண்டும் என்று சொல்லிவைத்தார். வயலில் வேலை குறைவாக இருக்கும் குளிர்கால மாதங்களில், வாரத்துக்கு இரண்டு மாலை மட்டுமே வகுப்பு. இந்தக் கால அட்டவணையைப் பயிர் போட்டுக் கொடுத்தது என்றே சொல்லலாம்.

எவ்வளவு வேகமாகப் போவது என்பதில் ஹார்ட்டனுக்கும் கிளார்க்குக்கும் வாக்குவாதம் இருந்தது. பதிவு அலுவலகத்துக்கு நேராகப் போகலாமே என்பது ஹார்ட்டன் பக்கம். அதற்கு முன்னால் சின்னச் சின்னதாக நிறையச் செய்தாக வேண்டும் என்பது கிளார்க் பக்கம். கிளார்க் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். பெயர் எழுதத் தெரிந்த அன்றைக்குத்தான் ஒருவர் அலுவலரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார். அது வராமல் வரிசையில் நிற்க வைத்தால் முதல் அதட்டலில் திரும்பி வந்துவிடுவார்.

ஒன்றிலிருந்து பல

பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்களாகவே கேட்டு வந்தார்கள். வாட்மலா தீவில் ஜென்கின்ஸின் மகள் எத்தல் கிரிம்பால் நடத்தினார். எடிஸ்டோ தீவில் அலீன் புரூவர். வட சார்ல்ஸ்டனில் வகுப்பு ஒரு அழகு நிலையத்திலேயே நடந்தது. வகுப்பு முடித்தவர்கள் கலைந்து போகவில்லை. மாதக் கூட்டம் போட்டுச் சாலை, பள்ளிப் பேருந்து, மருத்துவம் என்று பேசினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியதும் அடுத்த கேள்வி தானாக வருமில்லையா, இந்த வாக்கை வைத்து என்ன செய்வது என்று? ஜென்கின்ஸ் முன்போல எல்லாவற்றுக்கும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய நிலை இங்கேதான் மாறத் தொடங்கியது.

ஹைலேண்டரை ஒழிக்க டென்னசி அரசு முனைந்தது. 1959 ஜூலை 31 அன்று போலீஸ் சோதனை, கிளார்க் கைதானார். 1961-ல் பள்ளியின் உரிமமும் சொத்தும் பறிபோயின. அது வேறு பெயரில் வேறு இடத்தில் தொடர்ந்தது. ஆனால் அதற்குள், குடியுரிமைப் பள்ளிகள் என்று பெயர் பெற்றிருந்த இந்த வகுப்புத் திட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென் மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் கைக்கு மாறியிருந்தது. கிளார்க், டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் ஜார்ஜியாவின் மெக்கின்டாஷில் இருந்த டார்ச்செஸ்டர் மையத்தில் ஐந்து நாள் பயிற்சிகள் நடத்தினார்கள். குத்தகைக்குப் பயிர் செய்தவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் பேருந்தில் வந்து இறங்கினார்கள். கிளார்க் ஆசிரியர்களிடம் எதிர்பார்த்தது ரொம்பக் கொஞ்சம். சத்தமாகத் தெளிவாகப் படிக்க வேண்டும், பலகையில் புரியும்படி எழுத வேண்டும். பட்டம் கேட்கவில்லை. 1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் நடந்ததாக அவர் கணக்குச் சொல்கிறார்.

எண்ணிக்கையை விட ஒரு ஆள் முக்கியம். மிசிசிப்பியின் ரூல்வில்லைச் சேர்ந்த ஃபேனி லூ ஹேமர் பண்ணைக் கூலி. 1962-ல் பதிவு செய்யப் போன அன்றைக்கே பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1963 ஜூனில் சார்ல்ஸ்டனில் நடந்த குடியுரிமைப் பயிற்சியை முடித்துத் திரும்பும் வழியில் வினோனாவில் கைது செய்யப்பட்டுச் சிறையில் கொடூரமாக அடிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழு முன்னால் அதை அவர் சொன்னபோது நாடே தொலைக்காட்சியில் கேட்டது. ஹேமரின் துணிச்சலை யாரும் பயிற்சியில் ஊட்டவில்லை, அது அவருடையது. பயிற்சி அவருக்குத் துணைக்கு ஆட்களைக் கொடுத்தது. அவரோடு அதே பேருந்தில் வந்து அதே சிறையில் அடிபட்ட ஆனெல் பாண்டர் இந்தத் திட்டத்தின் ஊழியர்.

சறுக்கிய இடங்கள்

திட்டத்தின் முதுகெலும்பு பெண்கள். மேலே முடிவெடுத்த கூட்டத்தில் ஆண்கள். கிளார்க் கிங்கின் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தும் அவர் பேச்சு எடுபடவில்லை. எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே முன்னால் நிற்க வேண்டாம், அந்தந்த ஊர் ஆட்களை முன்னால் நிறுத்துங்கள் என்று கிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அது கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது எல்லாரும் சிரித்தார்கள் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். தலைவர்களை உருவாக்கும் திட்டத்தை நடத்திய அமைப்புக்கே அந்தத் திட்டத்தின் உள்கருத்து ஏறவில்லை என்பதற்கு இதை விடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்று, ஜான்ஸ் தீவின் இளைஞர்கள் எல்லாரும் ஜென்கின்ஸின் நிதானத்தை ஏற்கவில்லை. அதே தீவில் வளர்ந்த பில் சாண்டர்ஸ் அவரோடு வெளிப்படையாக முரண்பட்டார். 1969-ல் சார்ல்ஸ்டன் மருத்துவமனைத் தொழிலாளர்களின், நூறு நாளைத் தாண்டிய வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். இதைத் தோல்வி என்று சிலர் எழுதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தலைவரோடு சண்டை போடக்கூடிய அடுத்த தலைவர் அதே ஊரில் முளைத்தால், அந்த ஊரில் பயிற்சி வேலை செய்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

உண்மையான சறுக்கல் நிலத்தில். வாக்கு கிடைத்தது, ஜென்கின்ஸ் முயற்சியில் கடன் சங்கமும் வந்தது. ஆனால் 1974-ல் பக்கத்திலிருக்கும் கியாவா தீவை ஒரு குவைத் முதலீட்டு நிறுவனம் வாங்கி உல்லாசத் தலமாக மாற்றத் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் நிலத்தின் விலையும் வரியும் ஏறின. தலைமுறைகளாகப் பத்திரம் பிரிக்காமல் குடும்பச் சொத்தாக வைத்திருந்த நிலங்கள் இந்தத் தீவுகளில் பல கைமாறின. படிவம் நிரப்பவும் வாக்களிக்கவும் சொல்லித்தந்த பாடத்திட்டத்தில் பத்திரமும் பட்டாவும் வாரிசுரிமையும் இருந்திருக்க வேண்டுமோ என்று இப்போது கேட்பது எளிது. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டதைச் சொல்லித்தருவது என்ற முறையின் பலமும் பலவீனமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

ஜென்கின்ஸ் 1972-ல் இறந்தார். கிளார்க்குக்குப் பறிபோன ஓய்வூதியம் 1976-ல் திரும்பியது. எழுபதைத் தாண்டிய வயதில் அவர் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்து உறுப்பினரானார். புரோகிரசிவ் கிளப் 1963-ல் கட்டிய புதுக் கட்டடத்தை 1989-ல் ஹியூகோ புயல் சிதைத்தது. கூரை போயிற்று, சுவர்கள் நின்றன. 2007-ல் அந்தச் சுவர்கள் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.